தமிழுக்கு ஒரு முரட்டு பிரஷ் ஃபான்ட்: எழுதுவது, செய்வது, சரியான இடத்தில் போடுவது

பிரஷ்ஷால் வேகமாக இழுத்த மாதிரி, ஓரமெல்லாம் பிசிறோடு, நடுவில் மை தீர்ந்து கோடு கோடாகத் தெரிகிற ஆங்கில ஃபான்ட்டுகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அதில் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு "ஜல்லிக்கட்டு" என்று தட்டிப் பாருங்கள், கணினி சத்தமில்லாமல் விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் லதாவையோ நிர்மலாவையோ (வழக்கமான தமிழ் ஃபான்ட்டுகள்) கொண்டுவந்து போட்டுவிடும். காரணம், அந்த ஃபான்ட்டுக்குள் தமிழ் எழுத்தே இல்லை. தமிழில் இலவசமாக, யூனிகோடில், கொஞ்சம் கை வாசனையோடு வேண்டும் என்றால் தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் இருக்கிறது. சாய்வான, நல்ல கையெழுத்து அது, ஆனால் முரட்டுத்தனம் அதன் வேலை அல்ல. பாலூ தம்பியும் காய்னியும் உருண்டு திரண்ட குண்டு எழுத்துகள். சுவரில் எழுதியது போன்ற அடி வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் பழைய பாமினி வகைக் குறியீட்டில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தது) இருக்கும் ஏதோ ஒரு டிடிபி ஃபான்ட்டைத் தேடிப் போகிறார்கள், அதை அப்படியே இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக உளறும்.

அதனால் நாமே செய்துகொள்வது நல்லது. ஆனால் முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: உங்களுக்கு ஃபான்ட் வேண்டுமா, ஒரு தலைப்பு வேண்டுமா? ஒரே ஒரு போஸ்டர், ஒரே ஒரு புத்தக அட்டை என்றால் அந்த நாலு வார்த்தையை பிரஷ்ஷால் எழுதி ஸ்கேன் செய்துவிட்டுப் போய்விடலாம், ஃபான்ட்டைவிட அழகாகவே வரும், ஏனென்றால் எழுதும்போது எந்த எழுத்து எதன் பக்கத்தில் வருகிறது என்று கைக்குத் தெரியும். ஒரே கடைக்கு மாதாமாதம் விளம்பரம் செய்கிறீர்கள், வருஷா வருஷம் ஒரு விழாவுக்கு வேலை வருகிறது, யூடியூப் சேனலுக்கு வாரம் இரண்டு முகப்புப் படம் வேண்டும் என்கிற மாதிரி திரும்பத் திரும்ப வருகிற தேவை இருந்தால் மட்டும் ஃபான்ட்டில் இறங்குங்கள்.

பிசிறு எங்கிருந்து வருகிறது

பிரஷ் எழுத்தை அச்சுக்குக் கொண்டுவரும் ஆசை பழையது. அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற அச்செழுத்து நிறுவனத்துக்காக ராபர்ட் இ. ஸ்மித் செய்த பிரஷ் ஸ்கிரிப்ட் 1942-இல் வந்தது. பிரான்ஸில் ரோஜர் எக்ஸ்கோஃபோன் 1953-இல் மிஸ்ட்ராலையும் 1955-இல் ஷாக்கையும் கொண்டுவந்தார், அந்த இரண்டையும் இன்றைக்கும் கடைப் பலகைகளில் பார்க்கலாம். இவையெல்லாம் ஈயத்தில் வார்த்தவை. ஒரு எழுத்துக்கு ஒரு அச்சு, எத்தனை தடவை அடித்தாலும் அதே வடிவம். இன்றைக்கு நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஒரே எழுத்துக்கு நாலு வடிவம் வைத்துக்கொள்ளலாம். இதைத்தான் பலர் பயன்படுத்துவதே இல்லை.

பிரஷ் எழுத்தின் முரட்டுத்தனம் மூன்று விஷயங்களால் வருகிறது: பிரஷ்ஷில் எவ்வளவு மை இருக்கிறது, கை எவ்வளவு வேகமாகப் போகிறது, கீழே இருக்கும் பரப்பு எவ்வளவு சொரசொரப்பு. ஒரு இழுப்பின் தொடக்கத்தில் மை நிறைய இருக்கும், கறுப்பு கெட்டியாக விழும். போகப்போக வறண்டு, மயிர்கள் பிரிந்து, கீற்றுக் கீற்றாகத் தெரியும். வளைவில் கை தயங்கும், அங்கே மறுபடி கெட்டியாகும். இந்த வரிசை கண்ணுக்குப் பழகியது. அதனால்தான் சாதாரண ஃபான்ட் மேல் கிரஞ்ச் டெக்ஸ்சர் என்று எங்கேயோ எடுத்த ஒரு கறைப்படத்தைப் போட்டுத் தேய்த்தால் போலி என்று உடனே தெரிகிறது. கறை எழுத்தின் போக்கில் இல்லாமல் குறுக்கே கிடக்கிறது. டெக்ஸ்சர் தடவுகிற வேலையை விட்டுவிட்டு நிஜமாகவே எழுதுங்கள்.

சாமான்கள்

விலை உயர்ந்த ஆர்ட் பிரஷ் வேண்டாம், அது ரொம்ப ஒழுங்காக எழுதும். ஹார்டுவேர் கடையில் பெயின்ட் அடிக்க விற்கும் அரை அங்குல ஃபிளாட் பிரஷ் போதும், முரட்டு மயிராக இருந்தால் இன்னும் நல்லது. நுனியைக் கத்தரியால் அங்கங்கே லேசாக வெட்டிவிட்டால் கீற்று நன்றாக விழும். இன்னும் முரடாக வேண்டும் என்றால் காய்ந்த பனை மட்டையின் முனையைக் கல்லில் வைத்து நார் நாராக நசுக்கி அதில் எழுதிப் பாருங்கள். எந்த பிரஷ்ஷும் தராத ஓரம் கிடைக்கும், ஆனால் சுழிகள் கைக்கு வராது, அதனால் அதை நெட்டுக்கோடும் படுக்கைக்கோடும் மிகுந்த ட, ப, ம மாதிரி எழுத்துகளில் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மை: கறுப்பு போஸ்டர் கலர், தயிர் பதத்துக்குக் கரைத்தது. தண்ணீர் கூடினால் ஓரம் கசியும், கசிந்த ஓரம் ஸ்கேனில் சாம்பல் நிறமாக வந்து பின்னால் தொல்லை செய்யும். காகிதத்துக்கு, வழவழப்பான சார்ட்டின் பின்பக்கத்தையும் சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் பேப்பரையும் வாங்கி இரண்டிலும் எழுதிப் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி ஃபான்ட் ஒரு காகிதத்திலும் மீதி வேறு காகிதத்திலும் எழுதினால் வார்த்தைக்குள் அது கட்டாயம் தெரியும்.

எழுத்தின் உயரம் பிரஷ் அகலத்தைவிட ஆறு மடங்காவது இருக்கட்டும். அரை அங்குல பிரஷ் என்றால் எழுத்து மூன்று, மூன்றரை அங்குலம். ஆங்கில எழுத்துக்கு இதைவிடத் தடிமனான பிரஷ் தாங்கும், தமிழுக்குத் தாங்காது. காரணம் சுழி.

சுழியும் புள்ளியும்

மூன்று சுழி ண-வை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த பிரஷ்ஷால் இயல்பாக எழுதினால் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கட்டியாகிவிடும், பக்கத்தில் இரண்டு சுழி ன வந்தால் எது எது என்று தெரியாது. சுவர் எழுதும் ஓவியர்களைக் கவனித்திருந்தால் தெரியும், அவர்கள் சுழியை வட்டமாகப் போட மெனக்கெடுவதில்லை. உள்ளே வெள்ளை விடுவதுதான் அவர்கள் நோக்கம், அதற்காகச் சுழியை லேசாகச் சதுரமாக்குவார்கள், அல்லது முழுதாக மூடாமல் ஒரு கொக்கியாக விட்டுவிடுவார்கள். எழுத்தின் அகலத்தையும் தாராளமாகக் கூட்டுவார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். ண, ன, ஞ, ழ, இ, ஐ, ஔ, இவற்றை முதலில் எழுதுங்கள். இவை கைவசம் வந்த பிரஷ் அகலம் எதுவோ அதுவே மொத்த ஃபான்ட்டின் அகலம். ப, ட மாதிரி எளிய எழுத்துகளில் தொடங்கினால் ஆசையில் பிரஷ் தடித்துவிடும், அப்புறம் ண-விடம் வந்து மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொரு குழப்பம் ர-வும் காலும். ர-வின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன இழுப்பு பிசிறில் தொலைந்துபோனால் அது ா ஆகிவிடும். எ-ஏ, ஒ-ஓ வித்தியாசமும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வித்தியாசமும் இப்படித்தான், ஒரு சின்ன இழுப்பில் நிற்கின்றன. அந்த இழுப்புகளை மட்டும் வறண்ட பிரஷ்ஷால் எழுதாதீர்கள், மறுபடி மையில் தோய்த்து எழுதுங்கள். பிசிறு நடுத்தண்டில் இருக்கட்டும்.

புள்ளி விஷயம் இதைவிட முக்கியம். ஆங்கில பிரஷ் ஃபான்ட்டுகளில் எழுத்தைச் சுற்றி மை தெறித்த மாதிரி துளிகள் போடுவது வழக்கம், ஒரு வேகம் தெரிகிறது என்பதால். தமிழில் எழுத்தின் தலைக்கு மேல் விழும் எந்தத் துளியும் அலங்காரம் கிடையாது, அது எழுத்து. "பல" என்பதில் ல-வின் மேல் ஒரு துளி தெறித்தால் "பல்". ஆகவே தெறிப்பு வேண்டும் என்றால் அடிக்கோட்டுக்குக் கீழே, அல்லது இழுப்பு முடியும் இடத்தில் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே ஒரு பொட்டுகூட வேண்டாம். ஸ்கேன் செய்த பிறகு மேலே இருக்கும் ஒவ்வொரு கறையையும் தேடி அழியுங்கள். மறுபக்கமும் உண்டு: நிஜப் புள்ளியை லேசாகத் தொட்டு வைத்தால் கறை நீக்கும் மென்பொருள் அதைத் தூசி என்று நினைத்து எடுத்துவிடும். புள்ளியை பிரஷ்ஷை அழுத்தி, கொஞ்சம் நீள்சதுரமாக, உடம்பு இழுப்பின் அகலத்துக்குக் குறையாமல் வையுங்கள். சின்ன வட்டப் புள்ளி முரட்டு எழுத்தின் மேல் உட்கார்ந்தால் பார்க்கவும் நன்றாக இருக்காது.

எத்தனை எழுத்து எழுத வேண்டும்

247 என்று பயந்துவிடாதீர்கள். உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18, மெய் 18, உகர ஊகாரம் 36. இகர ஈகாரத்தையும் தனித்தனியாக எழுதினால் இன்னொரு 36. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, ஔகாரத்தின் பின்பகுதி என 5. கிரந்தத்தில் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்துக்கும் அகரம், மெய், இகரம், ஈகாரம் என 20, அவற்றுக்கான உகர ஊகாரக் குறிகள் 2, ஸ்ரீ 1. மொத்தம் 149. எண்ணும் நிறுத்தற்குறியும் தனி. மீதி எல்லாம் இவற்றைச் சேர்த்து வருபவைதான்.

இதில் மெய் 18-ஐத் தனியாக எழுதச் சொல்கிறேனே, க எழுதியாயிற்று, மேலே புள்ளியைத் தூக்கி வைத்தால் க் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். வரும். சாதாரண ஃபான்ட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பிரஷ் ஃபான்ட்டைக் காட்டிக்கொடுப்பதே ஒரே பிசிறு இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் வருவதுதான், தமிழோ எழுத்தை இரட்டிப்பதில் சளைக்காத மொழி. க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ற்ற, ல்ல, ம்ம. "ஜல்லிக்கட்டு" என்ற ஒரே வார்த்தையில் மூன்று இரட்டிப்பு. ஆனால் அந்த இரட்டிப்பில் முதல் எழுத்து எப்போதும் மெய். ஆகவே மெய்யை வேறு ஒரு கை இழுப்பாகத் தனியாக எழுதி வைத்துவிட்டால், எந்தக் கூடுதல் விதியும் எழுதாமலே எல்லா இரட்டிப்பிலும் இரண்டு வேறு வேறு பிசிறு கிடைத்துவிடும். ஆங்கிலக்காரர்கள் இதற்காக மாற்று வடிவம், சூழல் விதி என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், நமக்கு இலக்கணமே பாதி வேலையை முடித்துவைக்கிறது. லி, டு போன்றவையும் தனியாக எழுதியவை என்பதால் "ல்லி"யும் "ட்டு"வும் முழுக்க வேறு வேறாக விழும்.

அதற்கு மேலும் கொஞ்சம் போகலாம். "பாப்பா" என்று எழுதினால் நடுவில் ப் வேறாக இருந்தாலும் முன்னும் பின்னும் அதே பா. ஆகவே க, த, ப, ம, ர, ல, ன ஆகியவற்றுக்கும், முக்கியமாகக் காலுக்கும், இரண்டாவது வடிவம் ஒன்று எழுதி வையுங்கள். கால் ஒன்றே ஒன்று இருந்தால் நீண்ட தலைப்பில் அது முத்திரை குத்தியது போலத் தெரியும்.

உகர வரிசையை எழுதும்போது மூன்று குடும்பங்களாகப் பிரித்துக்கொண்டு எழுதினால் கை ஒரே சீராக வரும். ஙு, சு, பு, யு, வு நேராகக் கீழே இறங்குபவை. ஞு, ணு, து, நு, லு, று, னு இறங்கி வளைந்து மேலேறுபவை. கு, டு, மு, ரு, ழு, ளு சுற்றி வளைப்பவை. முதல் குடும்பம்தான் பிரஷ்ஷுக்கு விருந்து, அந்த இறங்கு கோட்டில் மை தீர்ந்துபோகிறவரை இழுக்கலாம். அதன் நீளத்தில் இரண்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று வழக்கமானது, ஒன்று தலைப்பின் கடைசியில் போடுவதற்கு நீண்டது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது என்பதால் தலைப்புக்கு ஒரு கம்பீரம் தர இந்த மாதிரி நீட்டல்கள்தான் கை கொடுக்கும்.

பழைய டீக்கடைப் பலகை, பழைய சுவர் தோற்றம் வேண்டும் என்பவர்கள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களையும் எழுதி வைக்கலாம். அப்போது மாறியவை 13: ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், ணை, லை, ளை, னை. தும்பிக்கை தூக்கிய பழைய லை பிரஷ்ஷில் பிரமாதமாக வரும். ஆனால் இவற்றை விருப்ப வடிவமாக மட்டும் வையுங்கள், இன்றைய வாசகர்களில் பலருக்குப் பழைய ணா-வைப் படிக்கத் தெரியாது.

ஒவ்வொரு எழுத்தையும் பல தடவை எழுதிவிட்டு நல்லதை எடுங்கள். திருத்தி எழுதாதீர்கள், மேலே இன்னொரு கோடு இழுத்துச் சரி செய்த எழுத்து எப்போதும் அசிங்கமாகத்தான் இருக்கும்.

காகிதத்திலிருந்து கணினிக்கு

600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்யுங்கள். வீட்டில் ஏ3 ஸ்கேனர் இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடையில் கேளுங்கள். ஃபோனில் படம் எடுத்தால் ஓரங்களில் வெளிச்சம் மாறும், எழுத்துக்கு எழுத்து தடிமன் வித்தியாசப்படும். ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் திரெஷோல்டு (எது கறுப்பு, எது வெள்ளை என்று பிரிக்கும் எல்லை எண்) போட்டு கறுப்பு வெள்ளையாக்குங்கள். எல்லா எழுத்துக்கும் அதே எண்ணைப் பயன்படுத்துங்கள். அப்புறம் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் டிரேஸ் பிட்மேப், அது படத்தைக் கோட்டு வடிவமாக்கும். அதில் ஸ்பெக்கிள்ஸ் என்று ஒரு அளவு இருக்கும், இத்தனை பிக்சலுக்குக் குறைந்த துகளை எடுத்துவிடு என்று அர்த்தம், அதைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஸ்மூத் கார்னர்ஸைக் குறையுங்கள், இல்லாவிட்டால் பிசிறு எல்லாம் வழவழவென்று உருகின மெழுகாகிவிடும்.

டிரேஸ் செய்தவுடன் ஒரு எழுத்தின் கோட்டில் ஆயிரக்கணக்கில் முனைப்புள்ளிகள் (நோட்) வந்து நிற்கும். இதை அப்படியே ஃபான்ட்டில் ஏற்றினால் கோப்பு பெருத்துப் போகும், நாலு வார்த்தை தட்டினால் டிசைன் மென்பொருள் திணறும். சிம்ப்ளிஃபை கட்டளையை லேசாக ஒரு தடவை கொடுத்து, மிச்சத்தைக் கையால் எடுங்கள். எதை எடுப்பது என்பதில் தான் ரசனை. அச்சில் தெரியாத ஊசி ஓட்டைகளை எடுங்கள். இழுப்பின் திசையில் ஓடும் நீளக் கீற்றுகளை வையுங்கள். ஒரு எழுத்துக்கு நாலைந்து நல்ல கீற்று இருந்தால் கண் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

ஃபான்ட் கட்டுவது

ஃபான்ட் கட்டும் மென்பொருள்களில் ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், முகம் கொஞ்சம் கடுகடுப்பாக இருந்தாலும் வேலை செய்யும். மேக் வைத்திருப்பவர்களுக்கு கிளிஃப்ஸ் சுகம். இங்க்ஸ்கேப்பில் சேமித்த எஸ்விஜி கோப்புகளை உள்ளே இறக்கி, ரிமூவ் ஓவர்லேப் (ஒன்றின் மேல் ஒன்று விழும் வடிவங்களை ஒன்றாக்குவது), கரெக்ட் டைரக்‌ஷன் (கோடுகளின் திசையைச் சரி செய்வது) இரண்டையும் ஓட்டுங்கள். திசை தப்பாக இருந்தால் கீற்றின் வெள்ளை கறுப்பாகிவிடும்.

தமிழுக்கான விதிகள் நினைப்பதைவிடக் குறைவு. கொம்பை முன்னால் தள்ளுவது, கொ-கோ-கௌவைப் பிரித்துப் போடுவது எல்லாம் கணினியில் எழுத்தைக் கோத்துக் காட்டுகிற மென்பொருளே பார்த்துக்கொள்ளும், உங்கள் விதிகள் தமிழ் எழுத்துமுறையின் கீழ் பதிந்திருந்தால் போதும். நீங்கள் எழுத வேண்டியவை: மெய்களுக்கு, அகர எழுத்தும் புள்ளியும் சேர்ந்தால் தனியாக எழுதிய மெய் வர வேண்டும் என்ற விதி, ஹாலன்ட் ஃபார்ம்ஸ் வசதியில் (இதுவும் கீழே வருபவையும் ஃபான்ட்டுக்குள் விதிகளைப் போட ஓப்பன்டைப் தரும் வசதிகளின் பெயர்கள்). இகர உகர வரிசைகளுக்கு அதே மாதிரி போஸ்ட்-பேஸ் வசதியில். க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும் அகண்ட் வசதியில். ஸ்ரீயை ஸ-வில் தொடங்கித் தட்டுபவர்களும் உண்டு, ஶ-வில் தொடங்கித் தட்டுபவர்களும் உண்டு, இரண்டுக்கும் ஒரே வடிவம் வருகிற மாதிரி விதி போடுங்கள். மாற்று வடிவங்களுக்கு கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸில், ஒரு எழுத்து வந்து சில எழுத்துக்குள் மறுபடி வந்தால் இரண்டாவதை எடு என்று எழுதினால் போதும்.

பலர் விடுகிற ஒரு இடம், ஔகாரத்தின் பின்பகுதி. பார்க்க ள மாதிரியே இருந்தாலும் அதற்கு யூனிகோடில் தனி இடம் உண்டு. அதைக் காலியாக விட்டால் "கௌரி" என்று தட்டியவருக்குக் கட்டம் தெரியும். இன்னொன்று மேல்-கீழ் அளவு. கீ-யின் உச்சியும் கூ-வின் அடியும் உள்ளே அடங்குகிற அளவுக்கு வின் அசென்ட், வின் டிசென்ட் எண்களைத் தாராளமாக வையுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸில் தலையும் காலும் வெட்டுப்பட்டுத் தெரியும்.

சோதனைக்கு லிப்ரே ஆஃபீஸும் ஒரு பிரவுசரும் போதும். ஃபோட்டோஷாப்பிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ கொம்பு தப்பான இடத்தில் நின்றால் ஃபான்ட்டைத் திட்டாதீர்கள், எழுத்து அமைப்பில் இந்திய மொழிகளைக் கையாளும் வசதி (வேர்ல்டு-ரெடி அல்லது சவுத் ஏஷியன் என்று பெயர் இருக்கும்) தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சுவர் ஓவியர் ஒருவரை எழுத வைத்து அதை ஃபான்ட் ஆக்குகிறீர்கள் என்றால் காசு கொடுங்கள், ஃபான்ட்டில் பெயரையும் போடுங்கள். தெருப் பலகை ஓவியர்களின் எழுத்தை ஃபான்ட் ஆக்க ஹனிஃப் குரேஷி தொடங்கிய ஹேண்ட்பெயின்டட் டைப் முயற்சியில் ஃபான்ட்டுக்கே ஓவியரின் பெயரைத்தான் வைத்தார்கள். இலவசமாக வெளியிடுவதானால் யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் அதையும் ஓவியரிடம் விளக்கிச் சொல்லிவிட்டுச் செய்வதுதான் முறை.

எங்கே போடலாம்

மூன்று வார்த்தைக்கு மேல் வேண்டாம். இது என் அபிப்பிராயம்தான், நாலாவது வார்த்தை வந்தவுடன் முரட்டு எழுத்து கத்துவதை நிறுத்தாத ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. கபடிப் போட்டி போஸ்டர், பொங்கல் விழா பேனர், மரச்செக்கு எண்ணெய் லேபிளின் பெயர், நாவல் அட்டை, பறையிசைக் குழுவின் டி-ஷர்ட், பரோட்டா கடை மெனுவின் தலை, இங்கெல்லாம் நன்றாக உட்காரும். தேதி, இடம், விலை, தொலைபேசி எண் எதையும் இதில் போடாதீர்கள். அதற்கு முக்த மலர், கேட்டமரான் (Catamaran) மாதிரி அமைதியான ஒரு ஃபான்ட்டைப் பக்கத்தில் வையுங்கள். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரை இதில் போட்டுப் பார்த்திருக்கிறேன், தேர்தல் பிரச்சாரம் மாதிரி இருந்தது.

இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் கு, பு, து கீழே இறங்கும், கீழ்வரியின் கி, கீ, புள்ளி எல்லாம் மேலே ஏறும், இரண்டும் மோதும். வரி இடைவெளியைக் கூட்டினால் மோதல் தீரும், ஆனால் தலைப்பு இரண்டாகப் பிளந்துபோகும். கீழ்வரியை இடமோ வலமோ நகர்த்தி, மேலிருந்து இறங்கும் வால் ட, ப, ம மாதிரி தலை காலியான எழுத்தின் மேல் வந்து நிற்கிற மாதிரி செய்யுங்கள். முடியாவிட்டால் கீழ்வரியைச் சின்னதாக்குங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டவே கூட்டாதீர்கள், கொம்பு அதன் எழுத்தைவிட்டு விலகித் தனியாக நிற்கும். கொஞ்சம் நெருக்கினால் தவறில்லை, பிசிறும் பிசிறும் தொட்டுக்கொண்டால் சுவரில் எழுதினது போலவே இருக்கும்.

அவுட்லைன் கூடாது. ஓரப் பிசிறு முழுக்க அந்தக் கோட்டுக்குள் அடங்கி எழுத்து ஊதிப்போகும். நிழலும் மங்கலான கணினி நிழலாக வேண்டாம், தள்ளி வைத்த ஒரே நிறக் கெட்டி நிழல் என்றால் சரி, சுவர் ஓவியர்கள் போடுவது அதுதான். புகைப்படத்தின் மேல் எழுத்தை வைக்க வேண்டியிருந்தால் பின்னால் அதே பிரஷ்ஷால் அடித்த ஒரு நிறப் பட்டையை வைத்து அதன் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் கீற்றுகளுக்குள் படத்தின் துணுக்குகள் தெரிந்து எழுத்து படிக்க முடியாமல் போகும்.

எதில் அச்சாகப் போகிறது என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளெக்ஸ் எதையும் தாங்கும். டி-ஷர்ட்டுக்கு ஸ்கிரீன் பிரின்டிங் என்றால் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கீற்றுகள் மையில் அடைத்துப்போகும், ஆகவே நிஜ அளவில் ஒரு பிரின்ட் எடுத்துப் பார்த்து மெல்லிய கீற்றுகளை மூடிவிடுங்கள். வண்டிக்கு ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர் என்றால் இந்த ஃபான்ட்டை மறந்துவிடுங்கள், கத்தி ஒவ்வொரு பிசிறையும் சுற்றி வெட்டும், அப்புறம் அந்தத் துணுக்குகளை ஊசியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டிய கடைக்காரர் உங்களைச் சும்மா விடமாட்டார். யூடியூப் முகப்புப் படம் ஃபோனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கும், அங்கே கீற்று எல்லாம் சாம்பல் இரைச்சலாகத்தான் தெரியும்.

இந்தக் கடைசி மூன்றுக்காகவே ஃபான்ட்டில் இரண்டாவது எடை ஒன்று வைப்பது புத்திசாலித்தனம்: அதே எழுத்துகள், வெளி ஓரம் மட்டும் பிசிறோடு, உள்ளே கீற்று இல்லாமல் கெட்டியாக. எல்லா எழுத்தின் உள் ஓட்டைகளையும் நீக்கிவிட்டு ஓரத்தை ஒரு தடவை சிம்ப்ளிஃபை செய்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை. ஆனால் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கிவிடாதீர்கள், சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளையும் மென்பொருளுக்கு ஓட்டைதான், ண-வையும் ழ-வையும் தனியாகத் திறந்து பார்த்து நீக்குங்கள். சின்ன அளவுக்கும் டி-ஷர்ட்டுக்கும் அதைக் கொடுங்கள், ரேடியம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற வாடிக்கையாளருக்கு ஓரத்தை இன்னும் இரண்டு தடவை வழித்துக் கொடுங்கள்.